அஞ்சலை கையளவில் ஒரு பள்ளிக்கூடம்

சாஆ என்ற ஊர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து இரண்டு இளம் ஆசிரியர்கள் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். புதுப் பாடத்திட்டத்தில் வடிவியலுக்குத் தனி நேரம் ஒதுக்கியிருக்கிறார்களாம். கவராயம், பாகைமானி எல்லாம் அடங்கிய தகரப்பெட்டி ஆளுக்கு ஒன்று வேண்டுமாம். பாதிப் பிள்ளைகளுக்குப் பெட்டி வந்து சேரவில்லை, அதனால் பாடத்தை ஆரம்பிக்கவே இல்லை என்றார்கள். "நீங்கள்லாம் பொட்டி இல்லாம எப்படி சார் நடத்துனீங்க?" என்று ஒருவர் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டுக் கோபப்படுவது மரியாதை இல்லை என்பதால் பழைய சங்கதி ஒன்றைச் சொன்னேன். எழுதித் தரச் சொன்னார்கள், எழுதுகிறேன். இதில் நான் கெட்டிக்காரனாக வரமாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி இந்த மலாய் நாட்டுக்கு வந்தவன். ஊரில் இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி. கரும்பலகையில் எழுதும்போது பிள்ளைகளுக்கு முழு முதுகையும் காட்டாதே என்று சொல்லிக் கொடுத்தது மட்டும் இன்றுவரை ஞாபகம் இருக்கிறது. செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை கிடைத்தது. இருபத்தெட்டுப் பிள்ளைகள், நாலு வகுப்பு, வாத்தியார் நான் ஒருவன். தோட்டத்து ஸ்டோரை நடுவில் பலகை வைத்துத் தடுத்து, ஒரு பாதியைப் பள்ளிக்கூடம் என்று கொடுத்திருந்தார்கள். மறுபாதியில் மண்வெட்டிகளும் பால் வாளிகளும் கிடந்தன.

தோட்டப் பள்ளிக்கு வடிவ கணிதம் விதிக்கப்பட்ட பாடம் அல்ல. எனக்கு அதில் ஒரு மோகம், அதனால் கணக்குப் பாடத்துக்குள் நுழைத்துவிட்டேன். ஆரம்பத்தில் நானும் ஒப்பிக்கத்தான் வைத்தேன். ஒரு பையன் செங்கோணத்தின் இலக்கணத்தை மூச்சு விடாமல் சொன்னான். "சரி, இந்த அறையில செங்கோணம் எங்கே இருக்கு, காட்டு" என்றேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஜன்னலையும் கதவையும் தாண்டி அவன் கண் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில், "இங்க இல்ல வாத்தியாரே, அது பொஸ்தகத்துல இருக்கு" என்றான். மற்ற பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. அன்றைக்கே புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் கயிறும் குச்சியும் எடுத்துக்கொண்டு வெளியே போனோம். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளின் தகரக் கூரை, ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூடு, மாரியம்மன் கோயில், எதையும் விடவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கம்பம் என்று சொல்லும் மலாய்க் கிராமம் இருந்தது. அங்கே பாக் சாலே என்ற தச்சர் இருந்தார். ஆணி இல்லாமல், மர ஆப்பு அடித்தே வீடு கட்டுகிறவர். அவர் வீட்டு அத்தாப்பு ஓலைக் கூரை செங்குத்தாக ஏறி நிற்கும், எங்கள் லயத்துத் தகரமோ படுத்துக் கிடக்கும். இது ஏன் என்று பிள்ளைகள் அவரையே கேட்டார்கள். அவர் ஓர் அத்தாப்புக் கீற்றை முதலில் படுக்கையாகப் பிடித்து, ஒரு அகப்பை தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் நின்று, ஓலை நடுவே சொட்டியது. பிறகு கீற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திக்கொண்டே ஊற்றினார். சொட்டுவது நின்ற இடத்தில் அப்படியே பிடித்துக்கொண்டு, "இப்ப அளங்க" என்றார். நாலு சாண் உள்ளே போனால் மூன்று சாணுக்குக் கூடுதலாக மேலே ஏறியிருந்தது. சாய்வு என்றால் என்ன என்று அந்த வகுப்பில் யாருக்கும் நான் மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்படிப் பல வருஷம் போயிற்று. அப்புறம் ரப்பர் விலை விழுந்தது.

இந்த இடத்தில் எங்கள் பெரிய கிராணியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபீசில் தலைமைக் கணக்குப்பிள்ளை; தோட்டத்தில் துரைக்கு அடுத்தவர் அவர்தான், பள்ளிக்கும் அவரே மேலதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர். எந்த உத்தரவையும் வாயால் முதலில் சொல்லமாட்டார். நோட்டில் எழுதுவார், எழுதியதை நமக்குக் கேட்கும்படி ஒரு முறை வாசிப்பார், நோட்டை மூடிவிட்டு "விளங்கிச்சோ?" என்பார். விளங்கியது என்று நாம் சொன்னால், மறுபடி நோட்டைத் திறந்து அதையும் எழுதிக்கொள்வார். அவர் சட்டைப்பையில் மடக்கு அடிக்கோல் ஒன்று எப்போதும் இருக்கும். புதிதாக அடித்த பெஞ்சு, வெட்டிய வாய்க்கால், எது கண்ணில் பட்டாலும் அதை எடுத்து விரித்து வைத்துவிடுவார். கடுமையானவர் என்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அவர் யாரையும் திட்டியதில்லை.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு எழுதினார், வாசித்தார். விற்காத ரப்பர் ஷீட்டை அடுக்க ஸ்டோர் முழுவதும் தேவை. பள்ளிக்கூடம் காலி செய்யப்பட வேண்டும். தோட்டம் புதிதாக எதுவும் கட்டித் தராது. வேண்டுமானால் எல்லைக் காட்டில் மரம் வெட்டிக்கொள்ளலாம். மாதக் கடைசிச் சனிக்கிழமை துரை பார்க்க வரும்போது ஒழுங்கான கட்டடம் ஒன்று நின்றால் பள்ளி தொடரும். நிற்காவிட்டால் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் திங்கட்கிழமை முதல் களை பிடுங்கப் போவார்கள்.

"ஒழுங்கான எண்டால், மூலை நாலும் மட்டமா இருக்கோணும். கோணல் கொட்டிலைக் கொண்டுபோய்த் துரைக்குக் காட்டேலாது. விளங்கிச்சோ?"

விளங்கியது என்றேன். எழுதிக்கொண்டார்.

பத்து வயதுக்கு மேல் ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் பாக்கியம் என்ற பதினொரு வயதுப் பெண்ணை நினைத்துத்தான் எனக்கு மனசு அடித்துக்கொண்டது. அவள் அப்பா ஏற்கெனவே இரண்டு முறை அவளைக் காட்டு வேலைக்கு அனுப்பக் கேட்டுவிட்டார். பன்னிரண்டு முடிச்சுப் போட்ட கயிற்றை மூன்று, நாலு, ஐந்து என்று இழுத்துப் பிடித்தால் செங்கோணம் வரும் என்பதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டு, அது ஏன் வருகிறது என்று என்னைக் கேட்டுத் திணறடித்தவள் அவள். களைக்காட்டுக்குப் போனால் திரும்பி வரமாட்டாள். அப்படிப் போன யாரும் திரும்பி வந்ததில்லை.

பாக் சாலேயிடம் போய்ச் சொன்னேன். "புள்ளைங்க இவ்வளவு வருஷம் என் வீட்டை அளந்தாங்க. ஒரு தடவை கட்டியும் பார்க்கட்டும், சிக்கு" என்றார். வாத்தியாரை மலாய்க்காரர்கள் சிக்கு என்பார்கள். மரம் வெட்டியாயிற்று, பட்டை உரித்தாயிற்று. அளக்கும் நாள் வந்ததும் அவர் என்னிடம், "இபு ருமா யாரு?" என்று கேட்டார். வீட்டுக்காரி யார் என்று பொருள். அவர்கள் வழக்கத்தில் வீட்டை அடிக்கோலால் அளப்பதில்லை. அந்த வீட்டுப் பெண் இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி எவ்வளவோ, அதுதான் வீட்டுக்கு அளவு. பள்ளிக்கூடத்துக்கு ஏது வீட்டுக்காரி? பிள்ளைகளைக் கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில், "அஞ்சலை ஆயா" என்றார்கள்.

அஞ்சலை, தோட்டத்து ஆயாக் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவள். தாய்மார்கள் ரப்பர் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். என் பள்ளியில் இருந்த அத்தனை பேரும் அவள் கட்டிய தூளியில் தூங்கியவர்கள்தான். கூப்பிட்டதும் வந்தாள், கூச்சத்தோடு கையை விரித்தாள். பாக் சாலே பச்சை மூங்கில் ஒன்றை அவள் விரல் நுனிகளுக்கு நேராக நறுக்கினார். அந்தக் குச்சிதான் எங்களுக்கு அலகு. நீளம் ஆறு குச்சி, அகலம் மூன்று குச்சி. நடுத்தூணை முதலில் நட்டு, அதிலிருந்து இரண்டு பக்கமும் மூன்று மூன்று குச்சியாக அளந்து, ஏழு தூண் கொண்ட முன்வரிசையை அவரே நிறுத்தினார். பின்வரிசைக்கு நடுத்தூணை மட்டும் நட்டுவிட்டு, மூவார் ஊரில் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்டார். "மிச்சத்தைப் புள்ளைங்க போடட்டும்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குச்சியை ஸ்டோர் சுவரில் சாத்தி வைத்திருந்தோம். மறுநாள் அஞ்சலையின் புருஷன் மாரிமுத்து அந்தப் பக்கம் வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். ஓர் ஆள் கையை விரித்தால் வருகிற அளவும் அந்த ஆளின் உயரமும் ஏறக்குறைய ஒன்று. நான்தான் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து, பிள்ளைகள் லயமெங்கும் பரப்பியிருந்தார்கள்.

"உசிரோட இருக்கறவளுக்குப் பச்ச மூங்கில்ல ஆளு ஒசரம் நறுக்கி வச்சிருக்கீங்களே வாத்தியாரே, நல்லா இருக்கா இது?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

பச்சை மூங்கிலை ஆள் உயரத்துக்கு எப்போது வெட்டுவோம் என்று எனக்குத் தெரியாதா? நானும் பாடை தூக்கியவன்தான். கணக்கு மோகத்தில் அது தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். ஆனால் பேச்சு அதற்குள் லயத்துக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலமே அஞ்சலைக்குக் காய்ச்சல் கண்டது. தூண் தூக்கிக் கூரை ஏற்ற ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்த ஆண்கள், ஒவ்வொருவராக வேறு வேலை இருக்கிறது என்றார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நேரே அஞ்சலை வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பின்வரிசையை முடித்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்தேன். பிள்ளைகள் முடிச்சுக் கயிறு பிடித்துக் கோடு போட்டார்கள், நடுத்தூணிலிருந்து இரு பக்கமும் மூன்று மூன்று குச்சி அளந்தார்கள், குழி தோண்டினார்கள், தூண் நட்டு மண்ணைக் குத்தினார்கள். முடித்ததும் மூலைக்கு மூலை கயிறு பிடிக்கச் சொன்னேன். இரண்டு மூலைவிட்டமும் ஒரு நூல் பிசகாமல் சமம். "பாத்தீங்களா, மூலைவிட்டம் சமமா இருந்தா நீள்சதுரம். மூலை தானா மட்டமாயிரும்" என்றேன். பெரிய கிராணியார் வந்தபோது அவரிடமும் அதையே சொன்னேன். எழுதிக்கொண்டு போனார்.

துரை வருவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது பாக் சாலே மூவாரிலிருந்து திரும்பி வந்தார். ஒரு மூலையில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தூண்களின் தலையில் பொருத்துவதற்காக முன்பே துளை போட்டு வைத்திருந்த உத்தரத்தைக் கொண்டுவரச் சொன்னார். முன்வரிசையில் ஏழு தூணிலும் கச்சிதமாக உட்கார்ந்தது. பின்வரிசையில் நடுத்தூணில் மட்டும் உட்கார்ந்தது. அடுத்த தூண் நாலு விரல் விலகியது, அதற்கடுத்தது எட்டு விரல், கடைசித் தூண் முக்கால் அடி. இரண்டு பக்கமும் அப்படியே.

"செங்கெட்லா, சிக்கு" என்றார். கோணல்.

எட்டிப் பார்த்தேன். முன்னால் அகலம், பின்னால் குறுகல். என் பள்ளிக்கூடம் முறமாகப் போயிருந்தது. முறத்துக்கும் இரண்டு மூலைவிட்டம் சமம்தான். எதிரெதிர்ப் பக்கங்களும் சமமா என்று பார்த்திருக்க வேண்டும். இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் அதைப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். "குச்சியை யார் தொட்டது?" என்று கேட்டேன். பாக்கியம் முன்னால் வந்தாள்.

"நான்தான் வாத்தியாரே. நாலு விரல் நறுக்கிட்டேன்."

"ஏன்?"

"நறுக்கிட்டா அது அஞ்சலை ஆயா ஒசரம் இல்லைல்ல. அப்ப அவங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

அவளை அடிக்கவில்லை. அடிக்கக் கை ஓங்கினேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் குழந்தை செய்தது, பெரியவன் நான் செய்திருக்க வேண்டிய காரியம். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாக் சாலே உத்தரத்தை இறக்கி வைத்தார்.

வழி ஒன்றும் தெரியாமல் போகவில்லை. முன்வரிசை அளவைக் கயிற்றில் எடுத்து அப்படியே பின்னால் போட்டுக்கொள்ளலாம். நட்ட ஆறு தூணையும் பிடுங்கி மறுபடி நட, அதன் மேல் கூரையை ஏற்ற ஆள் வேண்டும். லயத்தில் யாரும் வரமாட்டார்கள். கம்பத்திலிருந்து ஆள் அழைத்து வரவா என்று பாக் சாலே கேட்டார். வேண்டாம் என்றேன். அஞ்சலை பயந்து படுத்திருக்க, அவள் அளவில் ஒரு கட்டடத்தை வேறு ஊர் ஆளை வைத்து ஏற்றினால் அந்த வாசலில் எந்தத் தாய் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவாள்?

அன்று பள்ளி விட்டதும் பாக்கியம் தானாகவே அஞ்சலையிடம் போய், குச்சியை நறுக்கியது, கட்டடம் கோணியது, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் பிள்ளைகளும் பாக் சாலேயும் மட்டும் நின்று தூணைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். அஞ்சலை வந்தாள். முகம் வற்றிப் போயிருந்தது. பின்னால் நாலடி தள்ளி மாரிமுத்து, அவருக்குப் பின்னால் லயத்து ஆட்கள் சிலர், என்ன நடக்கப் போகிறது என்று பார்க்க வந்தவர்கள்.

"வாத்தியாரய்யா, குச்சி வேணாம். நானே அளந்து குடுக்கறேன்" என்றாள்.

"ஒடம்பு சரியில்லாம இருக்கியேம்மா" என்றேன்.

"எனக்கோசரம் நறுக்குன குச்சியால பள்ளிக்கூடம் கோணிப்போச்சு. இந்தப் புள்ள வெயில்ல களை புடுங்கப் போனா அது யாரு பாவம்? நான் தூளி ஆட்டி வளத்த புள்ளைங்க இதுங்க." பிறகு திரும்பி நின்று, புருஷனைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "பாடைக்கு அளவு குடுக்கறவ நடந்து வந்து கைய விரிச்சா குடுப்பா?"

பின்வரிசை நடுத்தூணில் இடது கை விரலை வைத்து வலது கையை விரித்தாள். விரல் நுனி பட்ட இடத்தில் பாக்கியம் முளை அடித்தாள். அந்த முளையில் விரலை வைத்து மறுபடி விரித்தாள். இப்படி மூன்று முறை. பிறகு நடுத்தூணுக்கு வந்து மறுபக்கம் மூன்று முறை. கடைசி முளை அடித்ததும் பாக் சாலே அகலத்துக்கு அளந்து வைத்திருந்த கயிற்றை முன்மூலைத் தூணிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார். கயிறு முளையின் தலைக்கு நேரே வந்து நின்றது. அவர் தலையை ஆட்டினார். மாரிமுத்து மேல்துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு கடப்பாரையைக் கேட்டு வாங்கினார். அப்புறம் மற்றவர்களைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மத்தியானத்துக்குள் உத்தரம் இரண்டு வரிசையிலும் உட்கார்ந்தது. அந்த வாரம் முழுவதும் பெண்கள் வேலை முடிந்து வந்து அத்தாப்புக் கீற்றுக் கட்டினார்கள்.

இந்த இடத்தில் நிறுத்தினால் என் மானம் தப்பும். ஆனால் பெரிய கிராணியாரின் நோட்டில் என் தப்பு அப்படியே இருந்தது. தூணைப் பிடுங்கி நட்டதை அவர் கேள்விப்பட்டிருப்பாரோ என்னவோ, என்னைக் கேட்கவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை. தப்புச் சொல்லிக் கொடுக்கிற வாத்தியாருக்கு எதற்கு ஒரு பள்ளிக்கூடம் என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

சனிக்கிழமை துரை வந்தார். பெரிய கிராணியார் அடிக்கோலை விரித்து முன்பக்கம், பின்பக்கம், இரண்டு ஓரம், எல்லாவற்றையும் அளந்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார்.

"இது நீள்சதுரம் எண்டு என்னெண்டு சொல்லுவீங்கள்?"

பாக்கியம் எழுந்தாள். "எதிர் எதிர்ப் பக்கம் சமமா இருக்கணுங்க ஐயா. மூலைவிட்டமும் சமமா இருக்கணும். ரெண்டும் வேணும்."

அவர் நோட்டைப் புரட்டினார். "உங்கட வாத்தியார் மூலைவிட்டம் மட்டும் போதும் எண்டல்லோ சொன்னவர்?"

"அது போதாதுங்க ஐயா. மொறத்துக்கும் மூலைவிட்டம் சமம். மொதல்ல இந்தப் பள்ளிக்கூடமும் மொறம் மாதிரிதான் இருந்துச்சு. உத்தரம் பொருந்தலை, அப்பறந்தான் வாத்தியாருக்கே தெரிஞ்சுது."

பெரிய கிராணியார் என்னைப் பார்த்தார். "அப்பிடியோ?"

"அப்படித்தான். தப்பு என்னுடையது" என்றேன். சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

அவர் துரையிடம் இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். துரை பாக்கியத்தைப் பார்த்து, அவளுக்கு எத்தனை வயது என்று கேட்டார். பதினொன்று என்று பெரிய கிராணியார் சொன்னார். துரை தலையை அசைத்தார். பெரிய கிராணியார் நோட்டில் எதையோ எழுதினார். இந்த முறை வாசிக்கவில்லை, விளங்கிச்சோ என்று கேட்கவும் இல்லை. இருவரும் ஆபீசுக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வயதைக் கேட்டு எழுதிக்கொண்டு போனது எதற்கு என்று நினைத்து நினைத்து மாய்ந்தேன்.

திங்கட்கிழமை விடிவதற்குள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய் ஓரமாக நின்றேன். களைக்காட்டுப் பெயர்களைப் பெரிய கிராணியாரே வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வந்தது. ஒன்பது பேரில் ஒருவர் பெயரும் வரவில்லை. பாக்கியத்தின் பெயர் வரவில்லை. அவர் புத்தகத்தை மூடினார். ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்து, "வாத்தியார் இங்கை என்ன செய்யிறீர்? நேரமாச்சு, போய் மணியை அடியும்" என்றார்.

ஓடாத குறையாக நடந்தேன். பிள்ளைகள் புது அத்தாப்பு வாசனையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் பெயர் எழுதிய இடாப்பைத் திறந்தேன். அதில் பாக்கியம் பன்னிரண்டாவது. அன்றைக்கு முதலில் அவள் பெயரைத்தான் கூப்பிட்டேன்.